ஐம்பதுக்குப் பிறகு நகைச்சுவை நடிப்பு: வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

கரூர்க்காரன் (விவாதத்தைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. பொதுத்துறை வங்கி ஒன்றில் பணிபுரிகிறேன். விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு சென்னைக்குக் குடிபெயர்ந்து, மேடையிலும் திரையிலும் நகைச்சுவை வேடங்களுக்கு முயலலாம் என்று எண்ணுகிறேன். கல்லூரி நாடகங்களுக்குப் பிறகு நான் நடித்ததில்லை. இருந்தாலும் நடிகர் மொட்டை ராஜேந்திரன் போன்றவர்கள் ஐம்பதைத் தாண்டித்தானே நகைச்சுவையில் பெயர் பெற்றார்கள்? பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டார்கள். மனைவிக்கு அரை மனம். உங்கள் கருத்துகளை ஒளிக்காமல் எழுதுங்கள்.

மயிலைவாசி

ஐயா, நீங்கள் சொன்ன பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ராஜேந்திரன் 2009இல் 'நான் கடவுள்' படத்தில் கொடியவனாக மிரட்டி, அடுத்த ஆண்டே 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தில் நம்மைச் சிரிக்க வைத்தபோது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பு நெடுங்காலம் அவர் சண்டைக் கலைஞராகப் படப்பிடிப்புத் தளங்களில் உழைத்தவர். கேமராவுக்கு முன்னால் எப்படி விழுவது, எப்படித் திரும்புவது, எந்த நொடியில் நிற்பது என்பதெல்லாம் அவர் உடம்பில் ஏற்கெனவே ஊறியிருந்தன.

பூர்ணம் விசுவநாதனும் அப்படித்தான். 1921இல் பிறந்த அவர் 1980இல் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் தந்தையாக வந்தபோது அறுபதை நெருங்கியிருந்தார். ஆனால் அகில இந்திய வானொலியில் வேலை பார்த்த காலத்திலும் அவர் நாடகத்தைக் கைவிட்டவரல்லர். விமானப் படையில் பத்தாண்டுகள் இருந்த டெல்லி கணேஷ், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடைகளில் பழகிய பிறகே 1977இல் 'பட்டினப் பிரவேசம்' வழியாகத் திரைக்கு வந்தார். தாமதமாக வந்தவர்கள் என்று நாம் கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலோர் தாமதமாக வெளியே தெரிந்தவர்களே தவிர, தாமதமாகத் தொடங்கியவர்கள் அல்லர். நீங்கள் தொடங்கவே இல்லை. இந்த நிலையில் மாதச் சம்பளத்தை விடுவது உங்கள் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

வைகைக்கரையாள்

மயிலைவாசி ஐயா தமக்கு வசதியான பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். சாருஹாசன் வழக்கறிஞராக இருந்தவர். 'உதிரிப்பூக்கள்' வெளியான 1979இல் அவர் ஐம்பதை நெருங்கியிருந்தார். அதன் பிறகு சில ஆண்டுகளுக்குள் 'தபரன கதே' என்ற கன்னடப் படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையே பெற்றார். 'கடைசி விவசாயி' படத்தின் நாயகனாக நடித்த நல்லாண்டி, வாழ்நாளெல்லாம் மண்ணில் உழைத்த முதியவர். 2022இல் அந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டாலும், தேசிய விருதுக் குழு அவருடைய நடிப்பைச் சிறப்பாகக் குறிப்பிட்டுப் பாராட்டியது. அவர் எந்தச் சபாவில் பயின்றார்?

நகைச்சுவைக்கு முதல் தேவை மனிதர்களைக் கவனித்த அனுபவம். வங்கிக் கவுண்டரில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்த ஒருவர், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றதும் கோபத்தில் வெடிக்கிற பெரியவரையும், நகைக் கடனுக்கு வந்துவிட்டு நகையைக் கழற்றத் தயங்குகிற பெண்ணையும், ஓய்வூதியப் புத்தகத்தில் வரவு பதிந்த பிறகும் அதை நம்பாமல் மறுபடி மறுபடி கேட்கிறவரையும் பார்த்திருப்பார். இருபத்திரண்டு வயதில், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக் மேடையேறும் இளைஞனுக்கு இந்தச் சேமிப்பு எங்கே கிடைக்கும்?

மயிலைவாசி

சகோதரி, நல்லாண்டியின் மீது எனக்கு உங்களைப் போலவே மரியாதை உண்டு. ஆனால் ஓர் உண்மையான உழவரைத் தேடி அவரிடம் போனவர் இயக்குநர். வாய்ப்புத் தேடி நல்லாண்டி யாரிடமும் போகவில்லை. ஒரு படத்தில் ஒளிர்வது வேறு, நடிப்பைப் பிழைப்பாகக் கொள்வது வேறு; இங்கே கேட்கப்பட்டிருப்பது இரண்டாவதைப் பற்றியது. பரவை முனியம்மாவை நினைத்துப் பாருங்கள். நாட்டுப்புறப் பாடகியாக நெடுங்காலம் மேடை கண்டு, 2003இல் 'தூள்' படத்தால் தமிழ்நாடு முழுதும் அறிமுகமாகி, அடுத்தடுத்துப் படங்களில் நடித்த அந்த அம்மையாருக்கே கடைசிக் காலத்தில் அரசு உதவி தேவைப்பட்டது. புகழும் வருமானமும் சேர்ந்தே வரும் என்று யாரும் இவருக்கு நம்பிக்கை ஊட்ட வேண்டாம்.

ஒப்பனையறை

நான் அலுவலக வேலையோடு தன்னார்வ நாடகக் குழு ஒன்றில் நெடுநாள் நடித்து வருகிறவன். வயதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். தொழிலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நகைச்சுவையில் மேடையும் திரையும் வெவ்வேறு வேலைகள். மேடையில் ஒரு வசனத்துக்கு அரங்கம் சிரித்தால், அந்தச் சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் நொடியில் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் யாருக்கும் கேட்காது, முழுதும் அடங்கும்வரை நின்றால் காட்சி செத்துவிடும். அந்த நொடியைப் புத்தகம் கற்றுத்தராது. பார்வையாளர்களுக்கு முன்னால் பல முறை தோற்றால்தான் வரும். படப்பிடிப்பிலோ நிலைமை நேர்மாறு. ஒருவரும் சிரிக்கக் கூடாது. பாதி வசனம் காலையில் எடுக்கப்படும், எதிராளியின் முகம் மாலையில் எடுக்கப்படும். அரங்கத்தின் சிரிப்பைக் கற்பனையிலேயே வைத்துக்கொண்டு இடைவெளி விட வேண்டும். மேடையில் பழகியவருக்குத்தான் அந்தக் கற்பனை கைகொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நினைவாற்றலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரையில் உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பார். பிறகு டப்பிங்கில் சரிசெய்து கொள்ளலாம். படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவுசெய்யும் படங்களில் அந்த வசதி கிடையாது. மேடையில் இரண்டு மணி நேர நாடகம் முழுதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஐம்பதுக்கு மேல் புதிதாக மனப்பாடம் செய்யத் தொடங்குகிறவர்கள் படும் பாட்டை ஒத்திகைகளில் பார்த்திருக்கிறேன். முடியாததல்ல, ஆனால் தினமும் உழைக்க வேண்டும். வைகைக்கரையாள் சொல்லும் வங்கி அனுபவம் எழுத்துக்கு உதவும். அது நடிப்பாக மாறுவதற்கு இத்தனையும் தேவை.

செந்தாழை

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பணி ஓய்வுக்குப் பிறகுதான் விளம்பரப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் சிறு வேடங்கள் செய்கிறேன். எனக்கு முன்னால் எந்த மேடையும் இல்லை. ஆகவே தொடங்காதவர் தொடங்கவே முடியாது என்பது போன்ற பேச்சை என்னால் ஏற்க முடியாது.

கரூர்க்காரன் ஐயா தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. புதியவர்களில் வயதானவர்களுக்கு முதலில் வேலை கிடைப்பது பெரும்பாலும் விளம்பரத்தில். தாத்தா, பாட்டி, மருந்துக் கடைக்காரர் என்று ஒருநாள் வேடங்கள். காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு மாலை நான்குக்குத்தான் முதல் காட்சி எடுப்பார்கள். பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். வேடம் வாங்கித் தருவதாகச் சொல்லி என்னிடம் பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்ட ஓர் ஏஜென்ட் அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. வேலை தருகிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். உங்களிடம் முன்பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மனவருத்தத்தோடு பதிகிறேன். இந்த விவாதத்தில் வேலையோடு நாடகமும் நடத்தியவர்கள் என்று காட்டப்பட்ட அனைவரும் ஆண்கள். அலுவலகம் முடிந்து மாலை ஒத்திகைக்குப் போகும் உரிமை என் தலைமுறைப் பெண்கள் எத்தனை பேருக்கு இருந்தது? பள்ளி விட்டதும் வீட்டில் சமையல், மாமியாருக்கு மருந்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடம். முன்பே பயின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தால் நாங்கள் மொத்தமாக வெளியேதான் நிற்க வேண்டும். எங்களுக்கு ஐம்பத்தெட்டு என்பது தாமதமே அல்ல, அதுதான் முதல் வாய்ப்பு.

மயிலைவாசி

அம்மா, உங்கள் நியாயத்தை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஓய்வூதியத்தோடு தொடங்கினீர்கள். பணம் தாமதமானாலும் உங்கள் அடுப்பு எரிந்தது. கரூர்க்காரன் பணிக்காலம் முடிவதற்கு முன்பே வெளியேற நினைக்கிறார். அவர் ஊரிலோ திருச்சியிலோ ஏதாவதொரு குழுவில் சேர்ந்து வார இறுதிகளில் பயிலட்டும். ஓய்வு வயதில் சென்னைக்கு வரட்டும். ஏழெட்டு ஆண்டுகள் பயிற்சியோடு வருகிற அறுபது வயதுக்காரருக்குத் தாத்தா வேடங்கள் குறையப் போவதில்லை.

வைகைக்கரையாள்

அந்த ஏழெட்டு ஆண்டுகளில் முழங்கால் எப்படி இருக்கும், குரல் எப்படி இருக்கும் என்பதற்கு நீங்கள் உத்தரவாதம் தருவீர்களா, ஐயா? உடல் வளைகிறபோது செய்கிற நகைச்சுவை வேறு, நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற நகைச்சுவை வேறு. வேலையை விட வேண்டாம் என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். காத்திருக்கச் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். திருச்சியில் குழு இருந்தால் இந்த மாதமே அவர் அதில் சேர வேண்டும். மேடை நாடகம் எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இந்தத் திரியில் இருந்தால், வங்கிக் கவுண்டரை வைத்து அரைமணி நேரத்தில் நடிக்கக்கூடிய ஒரு நாடகத்தை அவருடன் சேர்ந்து எழுத முன்வாருங்கள்.

ஒப்பனையறை

நான் எழுதுகிறேன். கரூர்க்காரன் ஐயா, நகைக் கடன் பிரிவில் நீங்கள் கண்ட மூன்று மனிதர்களை, அவர்கள் பேசிய விதத்திலேயே, எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். பெயர்களும் கணக்கு விவரங்களும் வேண்டாம்.