கலைச்சொல் உதவி: ‘ரேண்டம் இசை’யைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

காட்பாடியிலிருந்து, திங்கள் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லித்தரப் போகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மூன்றாம் பாடம் கணினியைப் பாட்டுக் கட்ட வைப்பது. மோகன ராகத்தின் சுரங்களை 60, 62, 64, 67, 69, 72 என்று மிடி எண்களாக (கணினியில் ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ள எண்) பட்டியலிட்டு, பைத்தானின் ‘ரேண்டம்’ தொகுதியில் உள்ள ‘சாய்ஸ்’ கட்டளையால் ஒவ்வொன்றாக எடுத்து ஒலிக்கவிட வேண்டும். சின்ன நிரல்தான், முதல்முறை நிரல் எழுதும் பிள்ளைக்கும் வந்துவிடும்.

சிக்கல் தலைப்பில். இப்போதைக்கு ‘தற்செயல் இசை’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு மனசு ஒப்பவில்லை. தற்செயல் என்றால் யாரும் நினைக்காமல் நடந்துவிட்டது. இங்கே சுரத்தைத் தேர்ந்தது நாம், நிரலை எழுதியது நாம். எந்தச் சுரம் அடுத்து வரும் என்பதை மட்டும் எந்திரத்திடம் விடுகிறோம். பொருத்தமான சொல் கொடுங்கள்.

ஆம்பூரிலிருந்து, திங்கள் மதியம்

அக்கா, ‘ரேண்டம் இசை’ என்றே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் நிரலில் அடிக்கப்போவதும் அந்தச் சொல்லைத்தான். நாளைக்கு வேலைக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். காலத்துக்குப் பொருந்தினால் விலக்க வேண்டிய சொல் என்று ஒன்று கிடையாது.

ஆரணியிலிருந்து, திங்கள் இரவு

தம்பி, தொல்காப்பியரைத் துணைக்கு அழைத்தால் முழுதாக அழைக்க வேண்டும். வடசொல்லையே ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடமொழி எழுத்தை நீக்கி, தமிழ் எழுத்தோடு பொருந்தினால்தான் உள்ளே விடுகிறார். ரகரம் மொழிக்கு முதலில் வராது. ‘இரேண்டம்’ என்று எழுதச் சம்மதமா?

சொல் இல்லாமல் தவிக்க வேண்டியதில்லை. ஈழத்துப் பாடநூல்கள் நெடுங்காலமாக ‘எழுமாறு’ என்கின்றன. எழுமாற்று மாதிரி, எழுமாற்று எண் என்று தாராளமாகப் புழங்குகிறது. எழும் + ஆறு, அதாவது எழுகிற வழியிலேயே எடுத்துக்கொள்வது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் ‘எழுந்தமானமாகச் சொல்லாதே’ என்பார்கள், அதுவும் இந்தக் குடும்பம். இன்னும் ஒன்று. ‘எழு’ என்ற வேரே இசைக்கு உரியது. யாழ் வாசிப்பதைப் பழம்பாடல்கள் ‘யாழ் எழீஇ’ என்கின்றன. யாழிசைக்கு ‘எழால்’ என்றே பெயர். இசையும் எழுகிறது, சுரமும் எழுந்தபடி வருகிறது. ‘எழுமாற்றிசை’ என்பதில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் வாய்க்காது.

குடியாத்தத்திலிருந்து, செவ்வாய் காலை

ஐயா சொன்ன எழால் அழகு. ஆனால் ‘அனைவரும் எழுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று காலை வழிபாட்டில் ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய பிள்ளைகள் இவர்கள். பாடத்தலைப்பில் ‘எழுமாறு’ என்று பார்த்தால் எழுந்து நிற்கத்தான் தோன்றும்.

நான் கணக்கு எடுப்பவள், என் கவலை வேறு. இதே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது அரசுப் பாடநூலில் ‘சமவாய்ப்பு மாறி’ (ரேண்டம் வேரியபிள்) படிப்பார்கள். ஒன்பதில் ஒரு சொல், பன்னிரண்டில் வேறு சொல் என்றால் இரண்டும் ஒன்றுதான் என்று யார் சொல்லித்தருவது? ‘சமவாய்ப்பு இசை’ என்று போடுங்கள். நன்றாக இல்லை என்று தெரியும். தொடர்ச்சி இருக்கும்.

இராணிப்பேட்டையிலிருந்து, செவ்வாய் மாலை

டீச்சர், அந்தச் சொல்லில்தான் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். வாய்ப்பு சமமாக இல்லாவிட்டாலும் அது ரேண்டம்தானே?

இந்தப் பாடத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் கணினிக்கு வெகுகாலம் முன்பே பகடை உருட்டிப் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். கிர்ன்பெர்கர் என்ற ஜெர்மானியர் 1757இல் இதற்கென்றே புத்தகம் போட்டார். மொசார்ட் பெயரில் ஒன்று 1790களில் அச்சாகியது. அதை அவர்தான் செய்தார் என்பதற்கு உறுதி கிடையாது. அதில் 16 துண்டு கொண்ட நடன மெட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகைக்கு எதிரே அட்டவணையில் இருக்கும் துண்டை வாசிக்க வேண்டும். கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை, மொத்தம் 11 வழி. ஆனால் அந்தப் பதினொன்றும் சமமா? 7 விழ 36இல் 6 வாய்ப்பு, 2 விழ 36இல் 1தான். சமவாய்ப்பே இல்லாத ஒன்றைச் ‘சமவாய்ப்பு இசை’ என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பைத்தானிலும் ‘சாய்சஸ்’ கட்டளையில் ஒவ்வொரு சுரத்துக்கும் எடை கொடுக்கலாம். சட்ஜமத்துக்கு 3, மற்றதற்கு 1 என்று கொடுத்ததுமே ‘சம’ பொய்யாகிவிடுகிறது.

என் வாக்கு ‘கவறு’க்கு. வள்ளுவர் ‘கவறும் கழகமும்’ என்றாரே, பகடைக்குப் பழைய சொல். ‘கவற்றிசை’ இரண்டு அசையில் நிற்கிறது.

குடியாத்தத்திலிருந்து, செவ்வாய் இரவு

கலைச்சொல்லைப் பிரித்துப் பொருள் பார்க்கத் தொடங்கினால் எந்தப் பாடநூலும் மிஞ்சாது. முழுச் சொல்லுக்கு வரையறை கொடுக்கிறோம், அதோடு முடிந்தது. சூது கூடாது என்று எழுதிய அதிகாரத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சொல் எடுப்பதற்கும் நான் உடன்படமாட்டேன்.

வாலாஜாவிலிருந்து, புதன் காலை

தலைப்புச் சொல்லைவிட அதற்குப் பின்னால் வரும் ‘இசை’ எனக்கு முக்கியம். தியாகராஜரின் சீடர் வேங்கடரமண பாகவதர் இருந்த ஊரில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

60இலிருந்து 71 வரை பன்னிரண்டையும் கணினியிடம் கொடுத்து எதையாவது எடு என்றால் வருவது இசையாகாது. மோகனத்தைக் கொடுத்தால் காதுக்கு ஒத்துவருகிறது. காரணம் எளிது. ச ரி க ப த, இந்த ஐந்தில் எந்த இரண்டுக்கும் நடுவே அரைச்சுர நெருக்கம் இல்லை. எது எதன் பின்னால் வந்தாலும் உரசாது. ஆனாலும் கீழ் ச-விலிருந்து த-வுக்குத் தாவி, ரி-யில் விழுந்து, மேல் ச-வுக்குக் குதித்தால் பாடகியின் மூச்சுக்குள் அடங்காது. அடுத்த படியில் ‘இப்போதுள்ள சுரத்துக்கு ஒரு படி மேலோ கீழோதான் போகலாம்’ என்று ஒரு விதி சேருங்கள். மேலா கீழா என்பதை மட்டும் எந்திரம் தீர்மானிக்கட்டும். ஒரு நொடியில் அது பாட்டாகத் தொடங்கும். பிள்ளைகள் இதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பாடத்தில் உயிர் இருப்பது அங்கேதான்.

தயவுசெய்து ‘கற்பனை இசை’ என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கற்பனாசுரம் பாடுபவர் அடுத்த சுரத்தைத் தெரிந்தே எடுக்கிறார். அதற்கும் இதற்கும் ஒட்டு இல்லை.

போளூரிலிருந்து, புதன் இரவு

கவறு வேண்டாம் என்றால் குடம் இருக்கிறது. அகநானூறு 77இல் ‘கயிறு பிணிக் குழிசி ஓலை கொண்மார்’ என்று வருகிறது. கயிறு கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, முறையையே விளக்குகின்றன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் கலக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கும் கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக்கூடாது என்பதை அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். அந்தச் சிறுவனின் இடத்தில்தான் நிரலில் ‘சாய்ஸ்’ உட்கார்ந்திருக்கிறது.

‘குடவோலை இசை’ என்று கேட்கவில்லை, பயப்பட வேண்டாம். அந்தப் பழக்கம் இன்றைக்கும் நம் ஊரில் இருக்கிறது. சீட்டுப் பிடிப்பதில், பள்ளிச் சேர்க்கையில், வீட்டுமனை ஒதுக்கீட்டில் நாம் சொல்வது குலுக்கல். ‘குலுக்கல் இசை’. இதற்கு விளக்கமே வேண்டாம். ஒருவர் பெயரில் மூன்று சீட்டு போட்டால் அவருக்கு வாய்ப்பு அதிகம், ஆக ‘சம’ வாதமும் தீர்ந்தது.

ஆரணியிலிருந்து, வியாழன் அதிகாலை

குலுக்கல் என்றால் பையன்களுக்கு ஆட்டம் நினைவு வரும். சந்தைச் சொல். கணிதத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஆம்பூரிலிருந்து, வியாழன் காலை

ஐயா, சந்தையில் இருப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது. எனக்கு இருப்பது தொழில்நுட்பச் சந்தேகம். அதே தொகுதியில் ‘ஷஃபிள்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. பட்டியல் முழுவதையும் வரிசை மாற்றிப்போடும். ‘குலுக்கு’ அதற்கல்லவா பொருந்தும்?

போளூரிலிருந்து, வியாழன் காலை

சீட்டுக்கட்டைக் ‘கலைத்துப் போடு’ என்றுதானே சொல்கிறோம் தம்பி. ஷஃபிள் என்றால் கலை, சாய்ஸ் என்றால் குலுக்கி எடு. இரண்டும் வினைச்சொல்லாகவே கிடைக்கின்றன. எழுமாற்றை வினையாக்கிக் காட்டுங்கள் பார்ப்போம்.

காட்பாடியிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. பக்கம் வடிவமைப்பவர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். ‘குலுக்கல் இசை’ என்று போட்டு அனுப்புகிறேன். குடியாத்தம் டீச்சருக்காக, முதல் பக்கத்திலேயே ‘மேல்வகுப்பில் இதைச் சமவாய்ப்பு என்று படிப்பீர்கள்’ என்று ஒரு வரி. ஐயாவுக்காக அதன் பக்கத்தில் எழுமாறும் உண்டு. வாலாஜா டீச்சரின் ஒருபடி விதியை இரண்டாம் பயிற்சியாகச் சேர்த்துவிட்டேன். ‘சீடு’க்கு (ரேண்டம் தொகுதியைத் தொடங்கிவைக்கக் கொடுக்கும் எண்) விதை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே விதையைக் கொடுத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே மெட்டு வரும் என்பதையும் காட்டுகிறோம்.

ஆரணியிலிருந்து, வெள்ளி காலை

பெரும்பான்மைக்கு மறுப்பில்லை, சொல்லுக்கு மறுப்பு உண்டு. எழுமாறு என்று வெறுமனே போட்டால் குடியாத்தத்தார் சொன்னபடி பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். எழும் + ஆறு என்று பிரித்துப் போடுங்கள், யாழ் எழாலையும் ஒரு வரி சேருங்கள். ஒரே விதைக்கு ஒரே மெட்டு என்கிறீர்களே, எந்தக் குலுக்கல் திரும்பத் திரும்ப ஒரே சீட்டைத் தரும்? அடுத்த பதிப்புக்கு முன்னால் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

போளூரிலிருந்து, வெள்ளி காலை

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. எழுமாறும் அங்கே தடுமாறும் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் ‘போலி’ என்று முன்னொட்டு போடலாமா? தனி இழையில் எழுதுகிறேன்.