ஆம்பூர்ப் போர் ஆட்டம்: யாரைச் சுடுவது என்பதை எந்த விதி முடிவு செய்ய வேண்டும்?

கேள்வி (காட்பாடி)

1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த போரை வைத்து, அறுகோணக் கட்டங்கள் கொண்ட பலகை ஆட்டம் ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். ஒரு கட்டம் 50 கஜம். துப்பாக்கிச் சூடு மூன்று கட்டம் வரை எட்டும். இலக்கைத் தேர்ந்தெடுக்கும் விதிதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. பார்வையில் படும் எந்தக் காயையும் சுடலாம் என்று விட்டால், பிரெஞ்சுத் தரப்பில் ஆடுபவர் எல்லா அணிகளின் சூட்டையும் எதிர்த்தரப்புத் தலைவரான ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கானின் யானை மீதே குவிக்கிறார். மண் அரணில் எதிரே நிற்கும் வீரர்களை அவர் பொருட்படுத்துவதே இல்லை. மிக அருகில் இருப்பதை மட்டுமே சுடலாம் என்று மாற்றினால், நவாப் தரப்பில் ஆடுபவர் மதிப்புக் குறைந்த குதிரைக் காய் ஒன்றை முன்னால் தள்ளி, மொத்தச் சூட்டையும் அதன் தலையில் கட்டிவிடுகிறார். முதல் விதி போரைப் பொய்யாக்குகிறது. இரண்டாவது விதி ஆடுபவரின் யோசனைக்கு வேலையே இல்லாமல் செய்கிறது. வேறு வழி உண்டா?

பதில் (ராணிப்பேட்டை)

அக்காலத் துப்பாக்கியின் குழலுக்குள், குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்தும் வரிப்பள்ளம் கிடையாது. நூறு கஜத்துக்கு அப்பால் தனி ஒருவரைக் குறிபார்த்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். பயிற்சி பெற்ற அணிகள் அதிகாரியின் கட்டளைப்படி, தமக்கு நேர் எதிரே ஒருசேரச் சுட்டன. நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டதும் கருமருந்துப் புகை முன்னால் திரையாக எழுந்துவிடும். ஆகவே இலக்கைத் தேர்ந்தெடுக்கும் நேரம் சுடும் வேளையே அல்ல, அணியைத் திருப்பி நிறுத்தும் வேளை என்பது என் உறுதியான கருத்து. காயின் முன்பக்கமுள்ள இரண்டு கட்டங்களின் திசையில் மட்டுமே சூடு செல்லட்டும். அணியைத் திருப்ப ஓர் ஆட்டமுறை செலவாகட்டும். ஒருமுறை சுட்ட அணியின் முன்னால் புகைக் காய் வைத்து, அது விலகும் வரை ஒட்டியுள்ள கட்டத்தில் இருப்பதை மட்டும் சுட அனுமதியுங்கள். நெடுந்தூரத்திலிருந்து யானையைக் குறிவைக்கும் ஆசை தானாகவே போய்விடும்.

பதில் (குடியாத்தம்)

ராணிப்பேட்டை நண்பர் சொல்வது சரியே. ஆனாலும் அன்வருதீன் கான் யானை மீது இருந்தபடியே குண்டடிபட்டு இறந்தார் என்பதையும், அவர் விழுந்ததும் படை சிதறியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதற்கு இடமே தராத விதி ஆம்பூர்ப் போரைச் சொல்லாது. அரண் உடைந்து எதிரி பக்கத்துக் கட்டத்துக்கு வந்த பிறகு யானையைச் சுட அனுமதியுங்கள். அதே நேரத்தில், யானை கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் வரைதான் நவாப் படையினரின் மன உறுதி முழுமையாக இருக்கும் என்று வையுங்கள். அப்போது யானையைப் பின்னால் ஒளித்து வைப்பவர் படையின் உறுதியை இழப்பார். முன்னால் கொண்டு வருபவர் தலைவரின் உயிரைப் பணயம் வைப்பார். இந்த இக்கட்டு நவாப் தரப்பில் ஆடுபவருக்கு உரியது. நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

அடிபட்ட யானை எந்தத் திசையில் ஓடும் என்பதைப் பகடைக்கு விட்டுவிடுங்கள். 1751 ஆற்காடு முற்றுகையில் வாயிலை உடைக்க நெற்றியில் இரும்புத் தகடு கட்டி அனுப்பிய யானைகள், குண்டடி தாங்காமல் திரும்பித் தம் படையினரையே மிதித்தன.

பதில் (ஆரணி)

விதிகள் பெருகப் பெருக ஆட்டம் மந்தமாகும். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரிகளிடையே பரவிய போர் விளையாட்டில் பகடையும் அட்டவணைகளும் நிறைந்திருந்தன. 1876இல் பிரஷ்யப் படை அதிகாரி வெர்டி டு வெர்னுவா அவற்றை விட்டுவிட்டு, முடிவை அனுபவமுள்ள நடுவரிடமே ஒப்படைத்தார். மூன்றாவது ஆள் கிடைத்தால் நடுவராக உட்கார வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. எங்களுக்குப் பெரும்பாலும் இருவர்தான் கூடுவதால் நடுவர் வழி பொருந்தாது. திசை விதி, புகைக் காய், யானையைப் பார்த்து நிற்கும் மன உறுதி ஆகிய மூன்றையும் சேர்க்கிறோம். முன்னால் தள்ளப்படும் குதிரைக் காய்க்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி: அணித் தலைவர் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் போட்டால், சூட்டை அடக்கி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம், தவறினால் அணி குதிரையைச் சுட்டே தீர வேண்டும். பதற்றத்தில் அணி முன்கூட்டியே சுட்டுவிடுவதை இது காட்டும் என நினைக்கிறேன். அனுபவம் குறைந்த அணிக்கு 5 என்று வைக்கலாமா என்பதை மட்டும் ராணிப்பேட்டை நண்பர் சொல்ல வேண்டும்.