35 விநாடி நல்ல பிள்ளையாக இருந்த சிக்னல்

பள்ளி மாணவர்களுக்கு ஆர்டுயினோ ஊனோ (நாம் எழுதும் நிரல்படி விளக்கு, பட்டன்களை இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டு) சொல்லிக் கொடுக்கிறேன். போர்டைக் கையில் கொடுக்கும் முன் இரண்டு வகுப்பு, போர்டைப் போலவே கணினித் திரையில் ஓடிக் காட்டும் சிமுலேட்டரில்தான். மூன்று எல்இடி வைத்து டிராஃபிக் சிக்னல். முதலில் டிலே (சொன்ன நேரம் வரை நிரலை அப்படியே நிறுத்திவைக்கும் கட்டளை) போட்டு எழுதுவார்கள், எல்லாருக்கும் ஓடிவிடும். "இப்போ ரோட்டைக் கடக்க ஒரு பட்டன் வை" என்றதும் சிக்கல் தொடங்கும். டிலே ஓடும்போது பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் போர்டுக்குக் காது கேட்காது. அதனால் மில்லிஸுக்கு மாறுவோம். போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று அது சொல்லும், எதையும் நிறுத்தாது.

ஒரு பையன் அப்படி மாற்றி எழுதி, சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டினான். ஒவ்வொரு விளக்கும் 5 விநாடி. (மஞ்சளுமா என்று கேட்காதீர்கள், அது அவன் சிக்னல்.) போர்டில் ஏற்றினோம். அரை நிமிடம் ஒழுங்காக ஓடிய சிக்னலில் திடீரென்று மூன்று விளக்கும் ஒன்றாக, மங்கலாக எரிந்தன. ரீசெட் அடித்தால் சரியாகும், மறுபடி கெடும். வயரை ஆட்டிப் பார்த்தோம், பிரெட்போர்டை மாற்றினோம். கடைசியில் பின்வரிசைப் பெண் ஒருத்தி ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்து, "சார், ஒவ்வொரு தடவையும் 35ஆவது விநாடியிலதான்" என்றாள்.

அந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. விளக்கு கடைசியாக மாறிய நேரத்தை இன்ட் என்ற முழு எண் வகையில் வைத்திருந்தான். ஊனோவில் இன்ட் 16 பிட். 32,767க்கு மேல் கொள்ளாது. 30,000 மில்லிவிநாடி வரை இடமிருந்தது. 35,000ஐப் போட்டதும் மைனஸில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் விடை 65,536க்குக் குறைவதே இல்லை. 5,000 ஆயிற்றா என்று லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) கேட்கும்போதெல்லாம் "ஆயிற்று" என்றே பதில். விளக்குகள் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் மாறியதால் மூன்றும் எரிவதுபோல் தெரிந்திருக்கிறது. பெரிய எண்ணையும் கொள்ளும், மைனஸே இல்லாத அன்சைன்ட் லாங் என்று மாற்றினோம், தீர்ந்தது.

சிமுலேட்டர் மேல் பழி போட முடியாது. அங்கேயும் இதே தப்பு இருந்தது. ஒரு சுற்று, 15 விநாடி பார்த்துவிட்டு நிறுத்தியது நாங்கள்.

—

நானும் ஆர்டுயினோ சொல்லிக் கொடுப்பவள்தான். எங்களுக்கு நடந்தது நேர்மாறு. நாங்கள் வைத்திருந்த சிமுலேட்டரில் நாள் முழுக்க ஓட்டினாலும் குறை தெரிந்திருக்காது. பட்டனின் ஒரு கால் போர்டின் 2ஆம் பின்னில், மறுகால் 5 வோல்ட்டில். அமுக்காதபோது பின்னைப் பூஜ்யத்தில் பிடித்துவைக்கும் புல்டவுன் ரெசிஸ்டர் இல்லை. திரையில், அமுக்காதபோது சமர்த்தாகப் பூஜ்யம் வந்தது. மேசையிலோ, வயர் பக்கம் கையைக் கொண்டுபோனாலே விளக்கு எரிகிறது! "டச் சென்சார் செஞ்சுட்டோம் மிஸ்" என்று ஒரே குஷி. கெடுக்க மனமில்லாமல் பத்து நிமிடம் விளையாட விட்டேன். பிறகு, அமுக்காதபோது பின்னை ஒன்றில் பிடித்துவைக்கும் இன்புட் புல்லப் போட்டு, மறுகாலை கிரவுண்டுக்கு மாற்றினோம். அமுக்கினால் பூஜ்யம், விட்டால் ஒன்று. இந்தத் தலைகீழ்க் கணக்கைப் புரியவைப்பதிலேயே மீதி வகுப்பு போயிற்று.

—

நானும் இதே பாடம் எடுக்கும் இன்னொரு ஆசிரியர். "எல்இடி ரெசிஸ்டர் இல்லாமலே சிமுலேட்டர் திரையில எரியுதே, அப்புறம் எதுக்கு?" என்றாள் என் மாணவி. கணக்குப் போடச் சொன்னேன். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 எடுத்துக்கொண்டால் மீதி 3. 220 ஓமால் வகுத்தால் 14 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. "சரி, இப்ப ரெசிஸ்டரை எடுத்துட்டுப் போடு" என்றேன். பென்சிலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தாள். "எதால வகுக்கிறது சார்?"