சின்ன லேபுக்குப் புது டெஸ்ட்: ஹோர்மோன் மெஷின் எடுக்கலாமா?

வெள்ளவத்தை லேப்:
வணக்கம். எங்களிடம் இருப்பது எந்தக் கம்பனியின் ரீஏஜன்டும் (டெஸ்ட் இரசாயனம்) போடக்கூடிய ஓப்பன் சிஸ்டம் பயோகெமிஸ்ட்ரி அனலைசர் ஒன்று, செல் கவுண்டர் ஒன்று. டிஎஸ்எச் (தைரொய்ட் டெஸ்ட்), எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி) இரண்டையும் வெளி லேபுக்கு அனுப்புகிறோம். டிஎஸ்எச் நாளுக்கு இரண்டு மூன்று வரும். ஹோர்மோன் மெஷினைச் சும்மா வைத்துத் தருகிறேன், கிட் மட்டும் வாங்குங்கள் என்கிறார் ஏஜன்ட். 100 டெஸ்ட் கிட் 60,000 ரூபா, ஒன்று 600தானாம். எடுத்தால் கையைக் கடிக்குமா?

கொட்டாஞ்சேனை எம்எல்டி:
600 என்பது பெட்டிக் கணக்கு. ஆட்களுக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டுக்குக் கணக்குப் போடுங்கள். கிட் மெஷினில் ஏற்றிய பிறகு 28 நாள் தாங்கும் என்று வைப்போம். அந்த 100இல் முதலில் கழிவது, மெஷினை அளவுக்குச் சரிசெய்யும் கலிப்ரேஷன், இரண்டு லெவல், இரண்டு தடவை: 4. அளவு தெரிந்த சாம்பிளை ஓட்டிச் சரிபார்க்கும் கொன்ட்ரோல் இரண்டு லெவல், கிழமைக்கு ஆறு நாள்: 48. ரிப்பீட் ஒரு 4. மிஞ்சுவது 44, ஒன்று 1,364 ரூபா. அந்த 28 நாளில் உங்களுக்கு வரும் ஏறக்குறைய 60 பேருக்கு அது காணாது, இரண்டாவது கிட் உடைக்க வேண்டும்.

செவ்வாய், வியாழன், சனி மட்டும் ஓட்டினால் கொன்ட்ரோல் 24 ஆகும், 68 மிஞ்சும். 60 பேருக்குப் போக எட்டு வீண். ஒன்று 1,000 ரூபா. சீரத்தைப் பிரித்து 2–8 பாகையில் வைத்தால் இரண்டு நாள் பிந்துவதால் டிஎஸ்எச் கெடாது. இதற்கு மேல் கொன்ட்ரோல் குப்பி, வொஷ் பஃபர், கரண்ட் செலவு. அவ்வளவையும் கூட்டி, வெளி லேபுக்கு இப்போது கட்டும் காசோடு ஒப்பிடுங்கள்.

சும்மா தரும் மெஷினுக்கு ஒப்பந்தம்தான் விலை. மாதம் குறைந்தது எத்தனை கிட் எடுக்க வேண்டும், டொலர் ஏறினால் விலை ஏறுமா, மெஷின் பழுதாகிக் கிடக்கும் நாளில் கெடும் ரீஏஜன்டுக்கு யார் பொறுப்பு, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கிட் பயோட்டின்-ஸ்ட்ரெப்டவிடின் முறையா (ரீஏஜன்டைப் பிடித்து வைக்கப் பயோட்டின் விற்றமினைப் பயன்படுத்துவது) என்றும் கேளுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் குளிசை போடுபவர்களுக்கு அந்த முறையில் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும்.

பயோகெம்:
எனக்கென்றால் ஹோர்மோன் இரண்டாவதுதான். இருக்கிற அனலைசரிலேயே யூரின் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் போடலாமே. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும், சீனி பார்க்க வரும் அதே ஆட்களுக்குத் தேவையான டெஸ்ட், வாங்க வேண்டியது அல்புமின் ரீஏஜன்டும் அதன் கலிப்ரேட்டர், கொன்ட்ரோலும் மட்டும். கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் டொக்டர் கவனிப்பார். காலையில் முதல் போகும் சிறுநீர் நல்லது. அல்புமின் மிக அதிகமான சாம்பிளில் அது ரீஏஜன்டுக்கு மிஞ்சிக் கூடி, மெஷின் குறைத்துக் காட்டும். ஆகவே டிப்ஸ்டிக்கில் புரதம் கூடத் தெரிந்தால் ஐதாக்கித் திரும்ப ஓட்டுங்கள்.

எச்பிஏ1சியும் அதே அனலைசரில் லேட்டக்ஸ் கிட்டில் வரும், ஆனால் கை பழக வேண்டும். இரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ டியூப் அசையாமல் நின்றால் செல் அடியில் படியும். மெதுவாகப் புரட்டிக் கலக்காமல் மேலிருந்து எடுத்தால் பெறுபேறு தவறும். லேட்டக்ஸ் கியூவெட்டில் (மெஷின் அளக்கும் சிறு கிண்ணம்) ஒட்டும், கழுவும் படியைத் தவிர்க்க வேண்டாம். அதே டியூபில் எஃப்பிசி (முழு இரத்த எண்ணிக்கை) ஓட்டி ஹீமோகுளோபினும் எம்சிவியும் (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) பாருங்கள். இரும்புக் குறைபாட்டில் எச்பிஏ1சி உண்மையை விடக் கூடலாம், செல் சீக்கிரம் அழியும் நோய்களில் குறையும். எம்சிவி குறைவாக இருந்து, சீனியோடும் பொருந்தாவிட்டால் தலசீமியா, எச்பி ஈ போன்ற பரம்பரை ஹீமோகுளோபின் கோளாறுகளும் இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டைக் கொடுக்காமல், சாம்பிளை எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் மெஷின்) உள்ள லேபுக்கு அனுப்புங்கள்.

வெள்ளவத்தை லேப்:
மிக்க நன்றி. மழைக்காலத்துக்கு டெங்கு வைரஸின் என்டிஜனைப் பார்க்கும் என்எஸ்1 கார்ட் நிறைய வாங்கி வைக்கலாமா?

கொட்டாஞ்சேனை எம்எல்டி:
வையுங்கள், அளவோடு. டெங்கு என்டிஜனுக்கும் எஃப்பிசிக்கும் உச்ச விலை வர்த்தமானியில் வருகிறது, லாபத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது. கிட் என்எம்ஆர்ஏ (தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை) பதிவு உள்ளதா, காலாவதி எவ்வளவு தூரம் என்று பார்த்து எடுங்கள். காய்ச்சல் தொடங்கிய திகதியை ஃபோமிலேயே எழுதி வாங்குங்கள். என்எஸ்1 முதல் ஐந்து நாளில்தான் நன்றாகப் பிடிபடும், முன்பே டெங்கு வந்தவருக்கு அதற்கும் முந்தியே மறையலாம். ஆறாம் நாள் நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று கவுண்டரில் யாரும் சொல்லக் கூடாது.