ஜாக்கி ஏறியது, வண்டி ஏறவில்லை

தொடக்கப் பதிவு

நான்கு மாதமாக மனத்தை அரிக்கும் ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன். வாங்கலாம் என்று ஒரு பழைய காரைப் பார்க்கப் போனேன். பதினெட்டு வருட வண்டி, ஒரே கையில் ஓடியது. விற்க வைத்திருந்தவர் வயதில் பெரியவர். சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. புகையும் இல்லை, தட்டல் சத்தமும் இல்லை. பின் சக்கரத்துக்கு மேலே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. "வயதானால் வருவதுதான் தம்பி" என்றார். நானும் தலையாட்டினேன். வாங்கிவிடுவது என்று அப்போதே மனம் முடிவு செய்திருந்தது.

டயரின் உள்பக்கத்தைப் பார்ப்பதற்காக டிக்கியிலிருந்த ஜாக்கியை எடுத்து, கதவுக்குக் கீழே, அதற்கென்று இருக்கும் இடத்தில் கொடுத்துச் சுற்றினேன். ஜாக்கி ஏறியது, வண்டி ஏறவில்லை. காய்ந்த சருகை மிதித்தது போல் ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், ஜாக்கியின் தலை தகட்டுக்குள் புகுந்திருக்கிறது, பழுப்புத் தூள் கொட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தொட்டதும் ஏடு ஏடாகக் கழன்று வந்தது. இரும்பு என்று அங்கே எதுவுமே மிச்சமில்லை. பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியும் பெயின்ட்டும்தான் அந்த வடிவத்தைப் பிடித்து வைத்திருந்தன.

பெரியவர் மறுபக்கம் நின்று முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. நான் ஜாக்கியை இறக்கி, கொட்டிய தூளைச் செருப்பால் ஒதுக்கிவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன் ஐயா" என்று கிளம்பிவிட்டேன். பேரப்பிள்ளைகளை அந்த வண்டியில்தான் பள்ளிக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். வாங்காமல் வந்தது சரி. சொல்லாமல் வந்தேனே, அதுதான் உறுத்துகிறது.

மறுமொழி 1

துரு என்றதுமே எல்லோரும் ஏன் இப்படி ஓடுகிறீர்கள்? நான் ஆறு வருடமாக ஓட்டும் வண்டியை முதலில் பார்த்தபோது, "பழைய இரும்புக்குத்தான் லாயக்கு" என்று என் மைத்துனர் அருகில்கூட வரவில்லை. பானட், கூரை எல்லாம் செம்பழுப்பு. கையோடு ஒரு துண்டு உப்புத்தாள் கொண்டு போயிருந்தேன். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு பானட் ஓரத்தில் பத்துத் தடவை தேய்த்தேன். துரு தூளாக உதிர்ந்து, அடியில் தகடு வெள்ளி போல் பளிச்சென்று தெரிந்தது. ஒரு குழிகூட இல்லை. அந்தப் பளபளப்பைப் பார்த்த நொடியில் வாங்கிவிட்டேன். சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், சுத்தியல் பிடியால் தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்தேன். இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பருக்கு: உங்களுக்கு நல்ல வண்டி வாய்த்தது, மகிழ்ச்சி. அதைப் பொது விதியாக்க வேண்டாம். பானட்டைக் கழற்றி வேறு மாட்டலாம். முதல் பதிவில் இற்றுப்போயிருப்பது உடற்கூட்டோடு வெல்டிங் செய்யப்பட்ட பாகம். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, கூடுதான் பாரத்தைச் சுமக்கிறது. கதவுக்கடி இற்றுப்போனால் பக்கவாட்டு மோதலைத் தாங்க அங்கே என்ன இருக்கும்?

நான் வாங்கிய வண்டியின் அடியில் புத்தம் புதிய கறுப்புப் பூச்சு, வாசனைகூடப் போகவில்லை. நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று நம்பினேன். மூன்றாம் மாதம் ஒரு சிக்னலில் மிதித்தபோது பிரேக் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரை வரை போய்விட்டது. முன்னால் பள்ளி வேன். அதன் பின் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு ஒரு சிறுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக் எண்ணெய் இரண்டு தனிப் பாதைகளில் போவதால் பாதி பிரேக் மிஞ்சியது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பின் சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாய் அந்தக் கறுப்புப் பூச்சுக்குள்ளேயே உளுத்து ஓட்டை விழுந்திருந்தது. துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் ஈரம் உள்ளேயே தங்கித் தின்னும். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுமொழி 3

என் கதை சிறியது. டிக்கி விரிப்பைத் தூக்கினேன், ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் நின்றது, அதில் கொசுப்புழு நெளிந்தது. அப்படியே மூடிவிட்டு வந்தேன். ஆனால் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். மற்ற இடத்தில் ஒட்டி, அங்கே நழுவினால் அடியில் பட்டி கனமாக இருக்கிறது. (அலுமினியத் தகட்டிலும் ஒட்டாது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.) கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மண் அடைத்தால் நீர் உள்ளே நின்று உள்ளிருந்து அரிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால்தான் பெயின்ட் உப்புகிறது. வெளியே கொப்புளம் தெரிந்தால், உள்பக்கம் எப்போதோ தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.

முன் இருக்கையின் கால்விரிப்பை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்த வண்டிகளில் அங்கே ஈரம் தெரியும், தரைத் தகடு அப்படித்தான் போகிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று சந்தேகப்படுங்கள். ஷாக் அப்சார்பரின் மேல் முனை பொருந்தும் இடமும் பெல்ட் போல்ட் இறங்கும் இடமும் இற்றுப்போயிருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். பிரேக் டிஸ்கில் ஓர் இரவில் படியும் ஆரஞ்சுத் துருவுக்குப் பயப்பட வேண்டாம். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். சைலன்சரைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

வயதை மட்டும் வைத்துக் கழிக்காதீர்கள். போர்ஷே 911 காருக்கு 1970-களின் நடுவிலேயே துருவைத் தடுக்கும் துத்தநாக முலாம் பூசிய தகடு வந்துவிட்டது, ஆடி (Audi) 80 காருக்கு 1986-இல் வந்தது. அவற்றைவிட இளைய வண்டிகள் பல முலாம் இல்லாமல் முன்னதாகவே இற்றுப்போயின. ஒட்டுப் போட்டிருந்தால், இற்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நல்ல தகட்டோடு சேர்த்திருக்கிறார்களா, அல்லது துருவின் மேலேயே ஒட்டியிருக்கிறார்களா என்று அடியில் படுத்துப் பாருங்கள்.

மறுமொழி 4

இத்தனை பேர் காந்தத்தையும் முலாமையும் பேசுகிறீர்கள். முதல் பதிவை எழுதியவர் வண்டி வாங்கும் வழியைக் கேட்கவே இல்லையே.

என் அப்பா வண்டியை விற்க முயன்றபோது ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் திரும்பி வந்தார். "வாங்கப் போவதில்லை, ஒன்றைக் காட்டிவிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். அப்பாவுக்குக் கோபம். அந்தப் பெண் பின் இருக்கையைத் தூக்கி, பெல்ட் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். போல்ட் மட்டும் ஆடவில்லை, சுற்றியிருந்த தகடும் சேர்ந்து ஆடியது. அம்மா எப்போதும் உட்காரும் பக்கம் அது. அப்பா பேசாமல் சாவியைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டார்.

நான்கு மாதமானாலும் பரவாயில்லை, இன்றே அந்தப் பெரியவரை அழையுங்கள்.

மறுமொழி 5 (தொடக்கப் பதிவு எழுதியவர்)

அழைத்தேன். குரல் கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டார். "அதைக் கொடுத்து இரண்டு மாதமாகிவிட்டதே தம்பி" என்றார். நான் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வாங்கியவரின் எண்ணை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. ஜாக்கி இறங்கிய இடத்தைக் குறிப்பிட்டு, ஓட்ட வேண்டாம் என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். காலையில் மறுபடி அழைப்பேன்.