படிக்கட்டில் ஏறுவது யார் பொறுப்பு? உணவு, உடற்பயிற்சி, சூழல் பற்றி ஒரு விவாதம்

செழியன்:

உடல்நலம் பற்றிய எந்தப் பேச்சும் இப்போது 'சூழல்' என்ற சொல்லில் போய் நின்றுவிடுகிறது. பண்பாடு அப்படி, வேலை அப்படி, ஊர் அப்படி என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்றாகிவிடுகிறது. இதை நான் ஏற்கவில்லை.

அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் இருந்த 3,234 பேர் அதில் பங்கேற்றார்கள். உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற மிதமான உடற்பயிற்சி செய்வது ஆகிய இரண்டு இலக்குகளை ஏற்றவர்களிடம் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களிடம் அது 31 விழுக்காடுதான் குறைந்தது. பங்கேற்றவர்கள் வெள்ளையர், கறுப்பினத்தார், ஆசியர், பூர்வகுடிகள் எனப் பல பண்பாட்டினர். பலன் எல்லோருக்கும் கிடைத்தது. பின்லாந்தில் அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்விலும் அதே 58 விழுக்காடு. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இலேயே தொடங்கிய ஆய்வும் இதையே காட்டியது. பண்பாடுகள் வேறு, உணவுகள் வேறு. ஆனால் அளவாக உண்டு உடலை அசைத்தவர்கள் எல்லா இடத்திலும் தப்பித்திருக்கிறார்கள்.

நானே 41 வயதில் அந்த எல்லைக்கோட்டில் நின்றவன். மூன்று ஆண்டுகளாக அலுவலகத்தில் லிஃப்ட் பக்கம் போவதில்லை. ஆறு மாடி, காலையிலும் மதிய உணவுக்குப் பிறகும். இன்று என் இரத்தச் சர்க்கரை இயல்பான அளவில் இருக்கிறது. எனக்கு எந்தச் சூழலும் உதவவில்லை.

யாழினி:

நண்பர் செழியன் தந்த எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. நான் உணவு ஆலோசகராகப் பணிபுரிகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பீமா என்ற பூர்வகுடி மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மரபுவழியில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்காவின் அரிசோனாவிலும், மற்றொரு பகுதியினர் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மலைச்சிற்றூர்களிலும் வாழ்கிறார்கள். இரு பகுதியினரையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வில், அரிசோனாவில் வயதுவந்தோரில் 38 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, மெக்சிகோவில் 6.9 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மெக்சிகோவில் இருந்தவர்கள் மன உறுதி மிக்கவர்களா? இல்லை. நிலத்தில் உடல் உழைத்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு. அரிசோனாவில் இருந்தவர்களும் பல நூற்றாண்டுகள் கிலா ஆற்று நீரைக் கால்வாயில் பாய்ச்சிப் பயிர் செய்தவர்கள்தாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் அந்த நீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, உழைப்பு நின்றது, பின்னாளில் அரசு வழங்கிய மாவும் கொழுப்பும் சர்க்கரையும் தட்டுக்கு வந்தன. அவர்களுடைய நீர் உரிமையைத் தீர்த்துவைக்கும் சட்டம் 2004இல்தான் நிறைவேறியது. அந்த மக்களிடம் போய் 'அளவாக உண்ணுங்கள், நடங்கள்' என்று மட்டும் சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் மேசையிலும் இதைத்தான் பார்க்கிறேன். உணவுப் பட்டியலை அச்சிட்ட தாளை நான்காக மடித்துக் கொடுக்கிறேன். மூன்று மாதம் கழித்து வருபவர்கள் பலர் அதைப் பையிலிருந்து எடுக்கும்போது மடிப்பு நான் மடித்தபடியே, ஓரம்கூடக் கசங்காமல் இருக்கிறது. தொடக்கத்தில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தையும் வீடு திரும்பும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். பட்டியலில் இருந்த வேளைகளில் பாதி அவர்களுடைய நாளில் இல்லவே இல்லை.

செழியன்:

அரிசோனாவில் 38 விழுக்காடு என்றால், அதே ஆறு காய்ந்த, அதே மாவும் சர்க்கரையும் வந்த ஊரில் மற்ற 62 விழுக்காட்டினர் எப்படித் தப்பித்தார்கள்? சூழல்தான் எல்லாம் என்றால் எல்லோரும் நோயாளியாகியிருக்க வேண்டுமே. எனக்கு இதற்கு நேரான பதில் வேண்டும்.

யாழினி:

நேரான பதில் இருக்கிறது. பிரிட்டனின் நோய்ப்பரவல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். இந்த மனிதருக்கு ஏன் இந்த நோய் வந்தது என்பது ஒரு கேள்வி; இந்த மக்கள் கூட்டத்தில் ஏன் இவ்வளவு நோய் இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. எல்லோரும் நாளுக்கு 20 சிகரெட் புகைக்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்யச் சொன்னார். அங்கே எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும், நுரையீரல் புற்றுநோய் மரபணுவால் வருகிறது என்றுதான் முடிவு கிடைக்கும். புகை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதால் கண்ணிலேயே படாது. தாங்கள் 38க்கும் 62க்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கேட்கிறீர்கள். அதில் மரபுக்கும் தனி முயற்சிக்கும் தற்செயலுக்கும் இடமுண்டு. நான் கேட்பது 38க்கும் 6.9க்கும் இடையே உள்ள வேறுபாட்டை. அதைத் தனிமனித உறுதியால் விளக்க முடியாது.

மருதன்:

இருவரும் 'உணவு', 'உடற்பயிற்சி', 'சூழல்' ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாக வைத்துப் பேசுகிறீர்கள். எனக்கு அதிலேயே ஐயம் இருக்கிறது.

ஜப்பானிய வழியினரான ஏறத்தாழ 12,000 ஆண்களை ஹிரோஷிமா, நாகசாகி, ஹவாய், கலிபோர்னியா ஆகிய இடங்களில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1965இல் தொடங்கியது. மாரடைப்பு ஜப்பானில் மிகக் குறைவு, ஹவாயில் இடைநிலை, கலிபோர்னியாவில் மிக அதிகம். இதுவரை கேட்டால் யாழினி மகிழ்வார். ஆனால் பக்கவாதம் ஜப்பானில்தான் அதிகமாக இருந்தது. ஆகவே 'பழைய உணவு நல்லது, புதிய நாடு கெட்டது' என்ற எளிய கதை இங்கே நிற்காது. ஒரு பண்பாடு ஒரு நோயிலிருந்து காத்துக்கொண்டே இன்னொரு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதைவிட வியப்பான செய்தி 1976இல் மார்மட், சைம் ஆகிய இரு ஆய்வாளர்கள் வெளியிட்டது. கலிபோர்னியாவிலேயே வாழ்ந்தாலும், ஜப்பானிய உறவு வட்டத்துக்குள் நெருங்கி வாழ்ந்த ஆண்களிடம் இதயநோய் ஜப்பானில் உள்ள அளவுக்கே குறைவாக இருந்தது. உணவு, புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு முழுதாக மறையவில்லை. இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

உடற்பயிற்சியும் அப்படித்தான். தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டைக்கும் கிழங்கு தோண்டவும் நாள் முழுக்க நடப்பவர்கள். உடல் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றல் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் மேற்கத்தியரின் செலவிலிருந்து வேறுபடவில்லை என்று ஹெர்மன் பான்ட்சர் குழு 2012இல் காட்டியது. நடப்பதால் இதயத்துக்கும் தசைக்கும் கிடைக்கும் நன்மையை இது மறுக்கவில்லை. ஆனால் 'நடந்து எரித்துவிடுவேன்' என்ற கணக்கில் அதிகமாக உண்பவர்கள் ஏமாறுவார்கள்.

செழியன்:

மருதன் சொன்னது எனக்குப் புதிது. உறவு வட்டம் பற்றிய செய்தியை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் என் முதல் பதிவில் சொன்ன ஆய்வுகளுக்கு இன்னும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மனிதர்கள் முடிவெடுத்தார்கள், மாறினார்கள், நோய் குறைந்தது. இதில் என்ன தவறு?

யாழினி:

தவறு ஏதுமில்லை. ஆனால் அந்த 58 விழுக்காடு எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். அமெரிக்க ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனி வழிகாட்டி இருந்தார். முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள் நேரில் நடந்தன. அதன் பிறகும் தொடர்பு விடவில்லை. ஒரு மனிதரைச் சுற்றிப் புதிய சூழல் ஒன்றைக் கட்டி எழுப்பிவிட்டு, அதன் பலனை அவருடைய மன உறுதியின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமா?

மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994க்கும் 1998க்கும் இடையே, வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில், வறுமை குறைந்த பகுதிக்கு வீடு மாற உதவித்தொகை தரப்பட்டது. எப்படி உண்பது, எப்படி நடப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. 10 முதல் 15 ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அந்த வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம் மிகையான உடற்பருமனும் நீரிழிவும் 3 முதல் 5 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தன. குலுக்கலில் மன உறுதி பார்த்துச் சீட்டு விழுவதில்லை.

தங்கள் படிக்கட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஜெர்ரி மாரிஸ் 1953இல் வெளியிட்ட லண்டன் பேருந்து ஆய்வில், நாள் முழுக்க அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்த நடத்துநர் உடற்பயிற்சி செய்ய முடிவெடுக்கவில்லை. பயணச்சீட்டுக் கொடுக்க ஏறினார்.

செழியன்:

அந்த ஆய்வின் அடுத்த பகுதியையும் சொல்லியிருக்க வேண்டும். மாரிஸ் குழுவே 1956இல் போக்குவரத்து நிறுவனத்தின் சீருடைப் பதிவேடுகளைப் பார்த்தது. ஓட்டுநர்களுக்குத் தைத்த கால்சட்டைகளின் இடுப்பளவு, வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே நடத்துநர்களுடையதைவிடப் பெரிது. ஆட்களே வேறு என்றால், படிக்கட்டின் பெருமை எங்கே போனது?

மருதன்:

நல்ல கேள்வி. அதே குழுவின் பிந்தைய ஆய்வு அதற்கும் விடை சொல்கிறது. ஒல்லியானவர், நடுத்தரமானவர், பருத்தவர் எனப் பிரித்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு பிரிவிலும் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாகவே இருந்தது. இடுப்பளவு ஒரு பங்கை விளக்கியது; படிக்கட்டின் பங்கு மிச்சம் இருந்தது.

வானதி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் இரவுப் பணியில் இருப்பவள். சரக்கு வண்டிகள் ஓயாமல் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் குடியிருப்பு. ஜன்னல் கட்டையை வெள்ளைத் துணியால் துடைத்தால் மறுநாள் அதே இடத்தில் விரல் தடம் பதியும் அளவுக்குக் கரிப்பொடி படிந்திருக்கும். மருத்துவர் நாள்தோறும் 40 நிமிடம் வேகமாக நடக்கச் சொன்னார். நடக்கும்போது மூச்சு ஆழமாகிறது. உள்ளே போவது இந்தக் காற்றுதான். காற்றில் மிதக்கும் நுண்துகள் (PM2.5) ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வரம்பைக் குறைத்தது. உலக மக்களில் 99 விழுக்காட்டினர் அதன் வரம்பைத் தாண்டிய காற்றையே சுவாசிக்கிறார்கள் என்றும் அதுவே சொல்கிறது. பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கும் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒன்றாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வகைப்படுத்தியது. இந்த இரண்டில் எதை நான் அளவாக எடுத்துக்கொள்வது?

செழியன் அவர்களுக்கு ஒரு கேள்வி. எங்கள் கட்டடத்தில் பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி மாடிப்படிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள்; தீ எச்சரிக்கை மணி அடித்தால்தான் திறக்கும். தங்கள் கட்டடத்தில் படிக்கட்டு எப்போதும் திறந்திருக்கிறதா?

செழியன்:

வானதி அவர்களே, தங்கள் நிலையை என் முதல் பதிவு எண்ணிப் பார்க்கவில்லை, அதற்கு வருந்துகிறேன். படிக்கட்டைப் பற்றி நாளை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆனால் வாதத்தை முழுதாக விட்டுவிட மாட்டேன். பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் இதயநோயால் நடுவயது ஆண்கள் கொத்துக்கொத்தாக இறந்த காலத்தில், 1971இல் அரசுக்கு மனுக் கொடுத்தது அந்த மக்கள்தாம். மறு ஆண்டு பெக்கா புஸ்கா தலைமையில் திட்டம் தொடங்கியது. வெண்ணெயைக் குறைத்தார்கள், புகையை விட்டார்கள், உப்பைக் குறைத்தார்கள். சுமார் 40 ஆண்டுகளில் வேலைசெய்யும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. யாரோ ஒருவர் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைக்க முடிவெடுக்காமல் இது நடக்குமா?

யாழினி:

நடக்காது, இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். கூடவே இன்னொன்றையும் பாருங்கள். அது பால்பண்ணைகளால் பிழைத்த மாவட்டம். வெண்ணெயை விடு என்பது பக்கத்து வீட்டுக்காரரின் பிழைப்பை விடு என்பதற்குச் சமம். அதனால்தான் பண்ணைக்காரர்கள் பழச்செடி வளர்ப்புக்கு மாற உதவி கிடைத்தது, இறைச்சித் தயாரிப்பாளர்கள் கொழுப்பைக் குறைத்தார்கள், இல்லத்தரசிகளின் அமைப்பு ஊர் ஊராகக் கூட்டம் நடத்திப் புதிய சமையலைச் செய்து காட்டியது. கத்தியைக் கீழே வைத்தவர் ஒருவர். அவர் முன்னால் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தவர்கள் பலர். என் மடித்த தாளில் இல்லாதது அந்த இரண்டாவது பகுதிதான்.

மருதன்:

எதிர்த்திசையிலும் இது நடக்கும் என்பதற்கு ஒகினாவா இருக்கிறது. நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்ற அந்தத் தீவில் 1940களின் இறுதியில் உண்ட ஆற்றலில் பெரும்பங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து வந்தது. 1972 வரை நீண்ட அமெரிக்க ஆட்சிக் காலத்தில் டப்பா இறைச்சியும் துரித உணவும் நுழைந்தன, காரின்றி நகர முடியாத சாலைகள் வந்தன. 2000ஆம் ஆண்டுக் கணக்கில் ஒகினாவா ஆண்களின் ஆயுள், ஜப்பானின் 47 மாவட்டங்களில் 26ஆம் இடத்துக்கு இறங்கியது. பாட்டன் நூறு வயதைத் தொட்ட வீட்டில் பேரன் நடுவயதில் மாரடைப்புக்கு மருந்து எடுத்தான். மரபு ஒன்றுதான்.

செழியன்:

வானதி அவர்களின் கேள்விக்குப் பதில்.

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு திறந்திருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று காலை கதவருகே நின்று பார்த்தேன். அடையாள அட்டையைக் காட்டினால்தான் அது திறக்கிறது. மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் நானே காட்டியிருக்கிறேன், கவனித்ததில்லை. மூன்றாம் மாடியில் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் ஒப்பந்தப் பணியாளர்கள் 10 மணி நேரம் அமர்ந்தே வேலை பார்ப்பவர்கள். அவர்களில் இருவரிடம் கேட்டு, அவர்களுடைய அட்டையை வைத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர்களுடைய அட்டைக்கு லிஃப்ட் கூடமும் உணவுக்கூடமும் மட்டும்தான்.

எல்லா அட்டைகளுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிடும்படி கட்டட நிர்வாகத்துக்கு மதியமே கடிதம் எழுதினேன். கீழே அந்த இருவரும் கையெழுத்திட்டார்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.