அம்மாயி 80: மயில் அட்டை வேலை

நிலா: அம்மாயி விழாவுக்குத் தாம்பூலப் பையில் கட்டித் தொங்கவிட அரக்கு நிற அட்டை எல்லாம் வெட்டி வைத்துவிட்டேன். ஆனால் கருப்பு மையில் மயில் அச்சைக் குத்தினால் அரக்கு மேல் எடுப்பாகவே தெரியவில்லை. வசந்தி சித்தி, பிளீச் தொட்டு கோட்டுக்கு உள்ளே வெளுக்க வைக்கலாம் என்றீர்களே, அதை இந்தக் குழுவிலேயே சொல்லுங்கள். கதிர் அண்ணாவும் பாதி செய்கிறேன் என்கிறார்.

வசந்தி சித்தி: சொல்கிறேன் கண்ணு. வெள்ளைத் துணிக்குப் போடும் திரவ பிளீச்தான். ஒரு மூடி பிளீச், ஒரு மூடி தண்ணீர். பீங்கான் கிண்ணத்தில் கலந்துகொள், எவர்சில்வர் வேண்டாம், அரித்துப் போகும். மெல்லிய நைலான் பிரஷ் எடு. நுனியை மட்டும் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றிவிட்டு அப்புறம் அட்டையில் வை. சொட்டும் ஈரத்தோடு வைத்தால் கோட்டைத் தாண்டிப் பரவிவிடும்.

வசந்தி சித்தி: வைத்தவுடன் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறு. அரக்கு மெல்லச் செங்கல் நிறத்துக்கு வரும், அப்புறம் இளம் ரோஜா. காய்ந்த பிறகு இன்னொரு தடவை தொட்டால் இன்னும் வெளுக்கும். என் அட்டையில் இப்படி, உன் அட்டையில் வேறு நிறம் வரலாம். வெட்டிய துண்டு ஒன்றில் முதலில் தொட்டுப் பார்த்துவிடு.

கதிர் அண்ணா: சித்தி, நம் வீட்டு ஆபீஸ் ஸ்டாம்ப் பேடில் குத்திப் பார்த்தேன். பிளீச் பட்ட இடத்தில் வயலெட் கோடே காணோம். அட்டை நிறம் போவதற்கு முன்னால் அது போய்விட்டது.

பெரியப்பா: போகத்தான் செய்யும் கதிர். அந்த வயலெட் மை சாயம். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அது சாய மூலக்கூறில் நிறம் தரும் பிணைப்புகளை உடைத்துவிடும். அட்டைச் சாயம் வெளுப்பதும் அதனால்தான். கோடு நிற்க வேண்டுமென்றால் கரித்தூள் கலந்த கருப்பு மை வேண்டும். கரியை பிளீச் ஒன்றும் செய்யாது.

வசந்தி சித்தி: மாமா சொல்வது சரி. கடையில் பிக்மென்ட் இங்க், தண்ணீரில் கரையாதது என்று கேட்டு வாங்கு கதிர். என்னிடம் எம்பாஸிங் பவுடரும், சூடான காற்று ஊதும் ஹீட் கன்னும் இருக்கின்றன. மை ஈரமாக இருக்கும்போதே பவுடர் தூவி, சூடு காட்டினால் உருகிக் கோடு மேடாக நிற்கும். வயல் வரப்பு மாதிரி பிளீச்சை உள்ளேயே நிறுத்திவிடும். இறகின் கண் போன்ற சின்ன இடங்களுக்கு அது இருந்தால்தான் நிம்மதி.

நிலா: பிளீச் சீக்கிரம் காய அதே ஹீட் கன்னைக் காட்டலாமா சித்தி?

வசந்தி சித்தி: கூடவே கூடாது. ஆவி மூக்கில் ஏறும், பவுடரும் மறுபடி உருகும். ஜன்னல் திறந்த அறையில் தானாகக் காயட்டும்.

அம்மா: தனியாக எதற்கு வாங்க வேண்டும்? கிணற்றுக்குப் போட்ட பிளீச்சிங் பவுடர் வீட்டில் மிச்சம் இருக்கிறதே. கரைத்துக்கொள்ளலாமே?

பெரியப்பா: மீனா, அது கால்சியம் சேர்ந்தது. காய்ந்ததும் அட்டை மேல் சுண்ணாம்பு படியும். அரக்கில் வெள்ளைத் திட்டு திட்டாகத் தெரியும். திரவமே வாங்கிவிடு.

பெரியப்பா: இன்னொன்று, இதை எல்லாரும் படியுங்கள். பிளீச் இருக்கும் கிண்ணத்தில் வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் ஆசிட் எதுவும் சேரக் கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். அமோனியா கலந்த கிளீனரும் ஆபத்துதான். வேலை முடிந்ததும் கிண்ணத்தை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். குழந்தைகள் கையில் பிரஷைக் கொடுக்க வேண்டாம்.

அம்மா: சரிங்க மாமா. நான் கூடவே உட்கார்ந்துகொள்கிறேன்.

கதிர் அண்ணா: நைலான்தான் வேண்டுமா? என்னிடம் நல்ல முடி பிரஷ் இருக்கிறது.

பெரியப்பா: முடி புரதம். பிளீச் அதைக் கரைத்துவிடும். அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் பிளீச் ஊற்றினால் முடி இளகுவதும் இதனால்தான்.

பெரியப்பா: பிளீச்சுக்கு மூலமான இந்தக் குளோரின் கதையே அழகானது. 1774-இல் ஸ்வீடனின் ஷீலே அதைப் பிரித்தெடுத்தார். பத்துப் பதினோரு ஆண்டுகளில் பிரான்ஸின் பெர்த்தொலே, அது துணியை வெளுக்கும் என்று காட்டினார். அதுவரை ஐரோப்பாவில் துணியைப் புல்வெளியில் விரித்து வாரக்கணக்காக வெயில் காட்டினார்கள். 1799-இல் ஸ்காட்லாந்தின் டென்னன்ட் அதைப் பவுடராக்கக் காப்புரிமை வாங்கினார். மீனா வீட்டில் இருப்பது அந்தப் பவுடர்தான்.

நிலா: சித்தி, முதல் மயில் பாருங்கள். 📷 முழுக்க வெளுக்க வைத்தேன்.

வசந்தி சித்தி: கை சுத்தமாக இருக்கிறது கண்ணு, கோடு எங்கும் தாண்டவில்லை. ஆனால் இவ்வளவு வெளுக்காதே. அரக்கு அட்டை எடுத்ததே அந்த அரக்குக்காகத்தானே? முழுதும் வெளுத்தால் வெள்ளைத் தாளில் குத்தியது போல் ஆகிவிடுகிறது. கழுத்து வளைவில் வெளிச்சம் விழும் பக்கம் மட்டும் இரண்டு தடவை தொடு. வயிற்றுப் பக்கம் ஒரே தடவை. இறகில் கண்களை மட்டும் வெளுத்து, மற்றதை அப்படியே விட்டுவிடு. அட்டையின் நிறமே நிழலாக நிற்கும்.

வசந்தி சித்தி: நன்றாகக் காய்ந்த பிறகு அந்தக் கண்களில் நீலக் கலர் பென்சில் தீட்டிப் பார். வெறும் அரக்கு மேல் நீலம் எடுபடாது, வெளுத்த இடத்தில் பளிச்சென்று நிற்கும்.

நிலா: இரண்டாவது 📷 கழுத்தில் மட்டும், நீங்கள் சொன்னபடி.

வசந்தி சித்தி: இதுதான்! கழுத்து திரும்புவது தெரிகிறது பார். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கதிர் அண்ணா: கருப்பு அட்டையிலும் இது வருமா?

வசந்தி சித்தி: வரும். ஆனால் வெள்ளை வராது. ஒரு கம்பெனி அட்டை காவியாகும், இன்னொன்று காப்பி நிறமாகும். சில அட்டை அசையவே அசையாது. கருப்பில் மையே வேண்டாம், டிஷ்யூவை நாலாக மடித்து பிளீச்சில் நனைத்து, அதையே ஸ்டாம்ப் பேடாக வைத்துக்கொள். ரப்பர் அச்சை ஒற்றிக் குத்தினால் கோடே காவியில் விழும். அச்சை உடனே கழுவிவிடு, ரப்பர் கெட்டுவிடும்.

அம்மா: அம்மாயியின் பழைய போட்டோ ஆல்பத்துக்கு மேலட்டையும் இப்படியே செய்யலாமா வசந்தி?

வசந்தி சித்தி: அதற்கு மட்டும் வேண்டாம் அக்கா. பிளீச் பட்ட தாள் நாளாக நாளாக வலுவிழக்கும், பக்கத்தில் போட்டோ இருப்பது நல்லதில்லை. தாம்பூலப் பைக்குப் பரவாயில்லை.

கதிர் அண்ணா: சரி, பிக்மென்ட் இங்க், நைலான் பிரஷ் இரண்டும் நாளைக்கு வாங்குகிறேன். நிலா, உனக்கும் ஒன்று வேண்டுமா?

நிலா: பிரஷ் மட்டும் போதும் அண்ணா. ஒன்றாம் நம்பர் சைஸ். பிளீச் புதுப் பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.

பெரியப்பா: தேதியைப் பார்த்து எடு கதிர். வெயிலில் அடுக்கி வைத்ததை எடுக்காதே, வெளிச்சமும் சூடும் பட்டால் அதன் வீரியம் போய்விடும்.